ஜே.என்.யூ.வா, டி ஸ்கூலா? இரண்டையும் நடந்து பார்த்த ஒரு மாமாவின் விமர்சனம்

அக்கா மகளுக்கு எம்.ஏ. பொருளாதாரம் இரண்டு இடத்திலும் கிடைத்துவிட்டது. ஒன்று ஜே.என்.யூ. என்கிற ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், இன்னொன்று டெல்லிப் பல்கலைக்கழகத்தின் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், எல்லோரும் டி ஸ்கூல் என்பார்கள். பணம் கட்ட நாலு நாள்தான் கெடு. "நீ அங்கேயேதானே இருக்கே, கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்று திருச்சியிலிருந்து அக்கா பெண்ணை ரயிலேற்றி அனுப்பிவிட்டாள். டெல்லி ஆர்.கே. புரத்தில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியதற்கு இந்த ஒரு மரியாதை.

முதலில் ஜே.என்.யூ., எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். ஆயிரம் ஏக்கர் சுமார், ஆரவல்லிப் பாறை, மயில், நீல்காய் மான், அதோடு எங்கே பார்த்தாலும் நம்ம ஊர் சீமைக் கருவேலம், ராமநாதபுரத்துக்காரர்களுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். விடுதிகளுக்கெல்லாம் ஆற்றின் பெயர்தான். பெரியார் என்று பலகையைப் பார்த்துப் புல்லரித்துவிட வேண்டாம், அது கேரளத்து ஆறு. கங்கா தாபாவில் டீ குடித்துக்கொண்டே ஒரு சீனியர் பெண்ணைப் பிடித்துப் பேசினோம். விடுதி உடனே கிடைத்துவிடாது, கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் கிடைத்துவிட்டால் டெல்லியில் இவ்வளவு மலிவாக வேறெங்கும் தங்க முடியாது என்றாள். அங்கேயே என் ஓட்டு விழுந்துவிட்டது.

மறுநாள் டி ஸ்கூல். மெட்ரோ மெஜன்டா லைனில் ஏறி, ஹௌஸ் காஸில் யெல்லோ லைனுக்கு மாறி, விஸ்வவித்யாலயாவில் இறங்கினால் வீட்டு வாசலிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். 1949இல் பொருளாதார அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவ் ஆரம்பித்தது, அமர்த்தியா சென்னும் மன்மோகன் சிங்கும் பாடம் நடத்திய இடம், ரத்தன் டாடா நூலகம் உள்ளேயே இருக்கிறது. கேன்டீனில் மட்டன் தோசை பிரபலம். தோசை என்று சொன்னதை மன்னித்துவிட்டால் நன்றாகவே இருக்கும்.

தங்குவதுதான் அங்கே தலைவலி. விஜய் நகரில் ஒரு பி.ஜி., அதாவது பேயிங் கெஸ்ட் அறை, பார்த்தோம். ஜன்னல் இருக்கிறது, திறந்து கையை நீட்டினால் அடுத்த வீட்டுச் சுவர். ஒரு அறையைப் பிளைவுட் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள், அந்தப் பக்கத்துப் பெண் போனில் அவள் அம்மாவிடம் சாம்பாருக்கு ஏங்கியது இந்தப் பக்கம் முழுசாகக் கேட்டது. தமிழ்ப் பெண்தான், பாவம். இரண்டு மாத அட்வான்ஸ், காலி செய்யும்போது பாதிதான் திரும்பும் என்று வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

ரேங்க் என்ன என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். மத்திய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.பின் 2024 பல்கலைக்கழகப் பட்டியலில் ஜே.என்.யூ. இரண்டாவது, டெல்லி ஆறாவது. அது மொத்தப் பல்கலைக்கழகத்துக்கான எண், உங்கள் துறையைப் பற்றி அதில் ஒன்றும் தெரியாது. பெண் எங்களைவிட விவரம், இரண்டு இடத்துப் பழைய கேள்வித்தாள்களையும் இறக்கி வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி உட்கார்ந்துவிட்டாள். டி ஸ்கூலில் கணக்கு கழுத்துவரை, நிரூபி நிரூபி என்று. ஜே.என்.யூ.விலும் கணிதமும் புள்ளியியலும் உண்டுதான், ஆனால் 1973இல் கிருஷ்ணா பரத்வாஜ் தொடங்கிய அந்தத் துறையில் மார்க்ஸ், கெயின்ஸ், இந்தியப் பொருளாதார விவாதங்கள் என்று எழுத நிறைய இருக்கிறது. நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜியும், நிர்மலா சீதாராமனும் எம்.ஏ. பொருளாதாரம் படித்தது ஜே.என்.யூ.வில்தான், ஒரே பட்டம் எங்கெங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

"மாமா, எனக்குப் பத்துப் பக்கம் எழுதச் சொன்னா அழுகை வரும், கணக்கு கொடுத்தா தூக்கம் போனாலும் பரவாயில்ல" என்றாள். சரி, டி ஸ்கூல். கட்டுரை எழுதுகிற கை என்றால் யோசிக்காமல் ஜே.என்.யூ. போகலாம், மயில் இலவசம்.

பி.ஜி. வேண்டாம் என்று எங்கள் வீட்டிலேயே தங்க வைத்துவிட்டோம். தினமும் போக வர இரண்டரை மணி நேரம், மெட்ரோவில் நின்றுகொண்டே படிக்கிறாள். புதன்கிழமை வரை வர வேண்டிய இட்லி மாவு இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமையே காலியாகிவிடுகிறது.