ஆழ்மூளைத் தூண்டல் கருவி: சார்ஜ் செய்யும் பேட்டரியா, செய்யாததா?

பார்க்கின்சன் நோய்க்கு ஆழ்மூளைத் தூண்டல் (மூளைக்குள் வைத்த மெல்லிய கம்பிகள் வழியே மின்தூண்டல் தருவது) சிகிச்சை என்று முடிவெடுத்த பின்னும், அந்த மின்சாரத்தைத் தர காறை எலும்பின் கீழே பதிக்கும் கருவிக்கு எந்த பேட்டரி என்பதில் தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் குடும்பங்கள் தயங்குவதுண்டு.

ஆயுள்: சார்ஜ் செய்யாதது, தூண்டலின் அளவைப் பொறுத்து, பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும், சார்ஜ் செய்வது 15 ஆண்டுகள் வரையும் வரும்.

செலவு: சார்ஜ் செய்வதன் தொடக்க விலை அதிகம்; சார்ஜ் செய்யாததற்கோ பேட்டரி தீர்ந்து கருவியை மாற்றும் ஒவ்வொரு முறையும் கருவி விலையோடு அறுவைச் செலவும் சேரும். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) எத்தனை ரேண்ட் தரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள். மாற்றும்போது மூளையிலுள்ள கம்பிகளைத் தொடுவதில்லை. ஆனாலும், தோலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தொற்று அபாயம் உண்டு.

எளிமை: என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது இதுவே. சில நாட்களுக்கொருமுறை தோலின் மேல் சார்ஜரைப் பொருத்திக் காத்திருப்பது, நடுங்கும் கையோடும் மறதியோடும் தனித்து வாழும் முதியவருக்குச் சிறு வேலையன்று. மின்சாரம் இல்லையென்றால் சார்ஜும் தடைபடும் என்பதை, லோட் ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) அட்டவணையைப் பார்த்தே சமைத்துப் பழகிய நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரி தீர்ந்து தூண்டல் நின்றால் நடுக்கமும் விறைப்பும் திரும்பிவிடும்.

ஐம்பதுகளில் உள்ளவர், உதவிக்கு ஆளுள்ளவர், உயர்ந்த அளவில் தூண்டல் தேவைப்படுபவர் ஆகியோருக்குச் சார்ஜ் செய்வது பொருந்தும். வயது முதிர்ந்து, நினைவும் தளர்ந்து, தனியாக இருப்பவருக்கு மற்றதே ஏற்றது.