ஜானி டாலர்: யார் குரலில் கேட்பது?

'யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்' என்ற துப்பறியும் நாடகத் தொடர் அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் 1949 பிப்ரவரியில் தொடங்கி 1962 செப்டம்பர் 30 வரை ஒலித்தது. நடுவில் ஓராண்டு நின்றும் போனது. எண்ணூறுக்கும் மேற்பட்ட ஒலிபரப்புகள், நாயகனாக ஆறு நடிகர்கள். புதிதாகக் கேட்க வருபவர் எங்கே தொடங்குவது என்று திகைப்பது இயல்புதான்.

கதையின் அடித்தளம் கடைசிவரை ஒன்றே. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் ஊரான ஹார்ட்ஃபோர்டில் இருக்கும் தனி விசாரணையாளர் ஜானி. சந்தேகத்துக்குரிய கிளெய்ம் வந்தால் அவரை அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் கம்பெனிக்கு அவர் அனுப்பும் செலவுக்கணக்குதான் நாடகம். விமான டிக்கெட் இவ்வளவு, டாக்சி இவ்வளவு என்று வரிவரியாக வாசிப்பார். ஒவ்வொரு வரியிலிருந்தும் ஒரு காட்சி விரியும். பணம் கேட்டு எழுதும் கணக்கிலேயே ஒரு கொலையின் கதையைச் சொல்லும் இந்த உத்தி எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

முதலில் நடித்தவர் சார்லஸ் ரஸ்ஸல். டிப்ஸாக வெள்ளி டாலர் வீசுகிற அலட்டல் ஆள். ஒன்றிரண்டு கேட்டால் போதும். அடுத்து வந்த எட்மண்ட் ஓ'பிரையன் வேறு ரகம். 1946இல் வெளியான 'தி கில்லர்ஸ்' படத்திலேயே இன்ஷூரன்ஸ் விசாரணையாளராக நடித்தவர். அவருடைய ஜானி கரடுமுரடானவர், எதிராளியைப் பேச்சிலேயே மிரட்டுவார். இருண்ட குற்றக்கதைகள் பிடித்தவர்களுக்கு அவர்தான். ஆனால் அந்தக் கடுமை எல்லாக் கதைகளிலும் ஒரே அளவில் இருப்பதால், தொடர்ந்து கேட்கும்போது பாத்திரங்களின் துயரம் நம்மை வந்து தொடுவதில்லை. 1952இல் வந்த ஜான் லண்ட் நிதானமானவர், எனக்குச் சற்று அதிகமாகவே.

1955 அக்டோபரில் பாப் பெய்லி வருகிறார். தயாரித்து இயக்கியவர் ஜாக் ஜான்ஸ்டோன். அரைமணி நேர நாடகத்தைக் கைவிட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 15 நிமிடம், வாரத்துக்கு ஒரு கதை என்று மாற்றினார்கள். 75 நிமிடம் கிடைத்ததும் நாடகத்தின் தன்மையே மாறிவிட்டது. அரைமணிக் கதையில் சாட்சி என்பவர் துப்பு கொடுத்துவிட்டுப் போகிறவர். இங்கே அவருக்கு ஒரு குடும்பம், ஒரு பயம், மறைக்க ஒரு காரணம் எல்லாம் இருக்கின்றன. ஜானியும் களைத்துப்போகிறார், கோபப்படுகிறார், குற்றவாளி என்று தெரிந்தும் ஒருவர்மேல் இரங்குகிறார். அந்த ஏற்ற இறக்கம் அத்தனையையும் பெய்லியின் குரல் தாங்குகிறது. செலவுக்கணக்கை வாசிக்கும்போது துள்ளுகிற அதே குரல், ஒரு சாவுச் செய்தியைச் சொல்லும்போது எந்த அலங்காரமும் இல்லாமல் தாழ்ந்துவிடும்.

1956 நவம்பரில் மீண்டும் வாரம் ஓர் அரைமணிக்குத் திரும்பினார்கள். பெய்லி அதேபோல் நன்றாகவே நடிக்கிறார், ஆனால் கதைகள் அவசரப்படுகின்றன. ஆகவே நடிகரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பாதிதான் கிடைக்கும். 1957க்குப் பிந்திய பெய்லியை மட்டும் கேட்டுவிட்டு 'இவ்வளவுதானா' என்று விலகியவர்களிடம், 1955-56இன் அந்தத் தினசரித் தொடர்களைக் கேளுங்கள் என்றே சொல்வேன்.

1960 இறுதியில் தயாரிப்பு நியூயார்க்குக்கு மாறியது. பெய்லி உடன் போகவில்லை. பாப் ரீடிக் சில மாதங்கள் நடித்தார், நினைவில் நிற்கவில்லை. 1961இல் வந்த மாண்டல் கிரேமரைத்தான் ரசிகர்கள் உரிய அளவுக்குப் பேசுவதில்லை. அனுபவத்தில் முதிர்ந்த, அவசரமில்லாத ஜானி அவர். சிறிய பட்ஜெட்டும் குறுகிய நேரமும் வெளியே தெரியாதபடி பேசுவார். ஓ'பிரையனுக்கு மேலே, பெய்லிக்கு அடுத்த இடத்தில் அவரை வைப்பேன்.

தொடங்க நினைப்பவர்கள் பெய்லியின் முதல் தொடரான 'தி மக்கார்மக் மேட்டர்' பக்கம் போகலாம். ஐந்து பகுதிகளையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டாம். மறுநாள் வரை காக்கவைக்கவே ஒவ்வொரு பகுதியின் முடிவையும் எழுதியிருக்கிறார்கள். நாளுக்கு ஒன்றாகக் கேளுங்கள்.