எஸ்என்எம்பி வழியே மேக் அட்டவணை: படிப்பதில் தேறிய ஸ்விட்ச், எழுதுவதில் தடுமாறுகிறது

நடுத்தர விலையில் கிடைக்கும் 24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் (கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும், அமைப்பை நாமே மாற்றக்கூடிய பெட்டி) ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்க்கிறேன். எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கருவியின் வன்பொருள் முகவரி) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் வைத்திருக்கும் அட்டவணையை, நெட்வொர்க் கருவிகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்கவும் அமைக்கவும் உதவும் எஸ்என்எம்பி நெறிமுறை மூலம் எந்த அளவுக்குக் கையாள முடிகிறது என்பதை மட்டுமே சோதித்தேன்.

படிப்பதில் குறை சொல்ல அதிகம் இல்லை. எஸ்என்எம்பியில் எந்தெந்தத் தகவலைக் கேட்கலாம், மாற்றலாம் என்று சொல்லும் பட்டியலுக்கு மிப் என்று பெயர். 1993இல் ஆர்எஃப்சி 1493 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வந்த பிரிட்ஜ் மிப், விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரிக்கப்படும் தனித்தனி நெட்வொர்க்) என்பதையே அறியாதது. ஒரே முகவரி இரண்டு விலான்களில் தென்பட்டாலும் அதில் ஒரு வரிக்குத்தான் இடம். ஆகவே ஆர்எஃப்சி 4363 விவரிக்கும் கியூ-பிரிட்ஜ் மிப்பைத்தான் கேட்க வேண்டும், இந்த ஸ்விட்ச் அதை முழுமையாகவே தருகிறது. 1.3.6.1.2.1.17.7.1.2.2.1.2 என்ற ஓஐடியில் (மிப்பில் ஒரு தகவலின் இடத்தைக் காட்டும் எண் வரிசை) வாக் ஓட்டியபோது, அதாவது அதன் கீழுள்ள எல்லா வரிகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டபோது, 10.2.0.0.18.52.86 என்ற வாலோடு 5 என்ற விடை வந்தது. முதலிலுள்ள 10 முகவரித் தரவுத்தளத்தின் எண், இங்கே விலான் எண்ணும் அதுவே. மற்ற ஆறும் 02:00:00:12:34:56 என்ற முகவரியின் தசம வடிவம். விடையான 5 பிரிட்ஜ் போர்ட் எண்ணே (முகவரி அட்டவணைக்குள் பயன்படும் போர்ட் எண்) தவிர, எஸ்என்எம்பியின் மற்ற அட்டவணைகள் பயன்படுத்தும் இன்டர்ஃபேஸ் எண் அன்று என்பதைப் பல ஸ்கிரிப்டுகள் மறந்துவிடுகின்றன, 1.3.6.1.2.1.17.1.4.1.2 வழியாக மாற்றிக்கொள்ளாவிட்டால், போர்ட்டுகளை ஒன்றாகக் கட்டிய இடத்தில் கணக்கு தவறிவிடும். அட்டவணை பெரிதாக இருந்தால் எஸ்என்எம்பி பதிப்பு 2சி முதல் கிடைக்கும், ஒரே கேள்வியில் பல வரிகளைப் பெறும் கெட்-பல்க் முறையையே பயன்படுத்துங்கள்.

எழுதும்போதுதான் சிக்கல். நாமே பதியும் நிலையான முகவரி ஒன்றைச் சேர்க்கப் போர்ட்டுகளைப் பிட் வரிசையாகத் தர வேண்டும்: ஒரு பைட்டுக்கு எட்டுப் போர்ட், மிக உயர்ந்த பிட் முதல் போர்ட்டுக்கு உரியது என்பதால், 5ஆம் போர்ட்டுக்கு 08 00 00 என்று எழுதினேன். ஸ்விட்ச் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது, நிலை 3, அதாவது 'நிரந்தரம்', என்றும் காட்டியது. ரீபூட் செய்தபின் அந்த வரியைக் காணவில்லை! மறுதொடக்கத்துக்குப் பிறகும் நீடிப்பதே நிரந்தரம் என்று தரநிலை தெளிவாகச் சொல்கிறது. இங்கோ அமைப்பைத் தனியாகச் சேமிக்க வேண்டியிருக்கிறது, அதற்கான ஓஐடி தயாரிப்பாளரின் சொந்த மிப்பில் மறைந்து கிடக்கிறது.

ஸ்விட்ச் தானாகக் கற்றுக்கொண்ட முகவரி ஒன்றை மட்டும் நீக்க முடியாததற்கு இந்த ஸ்விட்சைக் குறைகூற முடியாது, ஏனெனில் தரநிலையிலேயே அந்த அட்டவணை படிப்பதற்கு மட்டுமானது. காலாவதி நேரத்தை (எதுவும் அனுப்பாத கருவியின் வரி அட்டவணையில் நீடிக்கும் காலம்) பரிந்துரைக்கப்படும் 300 நொடியிலிருந்து குறைந்தபட்சமான 10க்கு இறக்கிப் பழைய வரிகளை உதிரச் செய்யலாம், இந்த ஸ்விட்சும் அதற்கு உடனே கீழ்ப்படிந்தது. ஆனால் அமைதியாக இருக்கும் மற்றக் கருவிகளின் வரிகளும் கூடவே போய்விடுவதால், அவற்றுக்கான ஃபிரேம்கள் (தரவுத் துண்டுகள்) அந்த விலானின் எல்லாப் போர்ட்டுகளுக்கும் வெள்ளமாகப் பாயும். நேரத்தைத் திரும்ப உயர்த்த மறக்கக் கூடாது.

குறியாக்கத்துடன் கூடிய எஸ்என்எம்பி பதிப்பு 3 இதில் உண்டு. இருந்தும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 'பிரைவேட்' என்ற கம்யூனிட்டிக்கு (கடவுச்சொல் போலப் பயன்படும் சொல்) எழுதும் உரிமை திறந்தே இருக்கிறது. பதிப்பு 2சியில் அந்தச் சொல் எஸ்என்எம்பிக்கான யுடிபி போர்ட் எண் 161இல் வெளிப்படையாகவே பயணிக்கிறது என்பதால், நெட்வொர்க்கில் இணைக்கும் முன்பே அதை நீக்கிவிடுங்கள்.