தவறிய பின் வரும் 90 நாள்: புத்தகமா, வினா வங்கியா, ஆசிரியரா?

அமெரிக்க மாநிலம் ஒன்றில் சமூகப் பணியாளராக அனுமதிப்பத்திரம் பெற ஏ.எஸ்.டபிள்யூ.பி. (சமூகப்பணிச் சபைகளின் சங்கம்) நடத்தும் பரீட்சை எழுதி, தவறிவிட்டு, கொழும்பில் இருந்தபடி மறுபடி படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். தவறியவர் மீண்டும் எழுத 90 நாள் பொறுக்க வேண்டும். நூலிழையில் தவறியவர் மட்டும் அனுமதிப்பத்திரம் வழங்கும் தமது மாநிலச் சபையிடம் விலக்குக் கேட்டுப் பார்க்கலாம். கட்டணத்தில் சலுகை இல்லை. இளமாணி, முதுமாணி நிலைகளுக்கு 230 டொலர், கிளினிக்கல் (நோயறிதலும் உளச்சிகிச்சையும் செய்வோருக்கான) நிலைக்கு 260 டொலர், மறுபடியும் முழுதாகக் கட்ட வேண்டும். ரூபாயில் சம்பளம் வாங்குகிறவருக்கு இது சின்னத் தொகை அல்ல. ஆகவே அந்த 13 வாரங்களை எதில் செலவழிப்பது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

அதற்கு வழிகாட்டி பெறுபேற்றுத் தாள்தான். மன வருத்தத்தில் அதை மடித்து வைத்துவிடாதீர்கள். 2026 ஆகஸ்ட் வரையான வடிவில் 170 கேள்விகள், 4 மணித்தியாலம். அவற்றில் 150 கேள்விகளுக்கே புள்ளி உண்டு. மற்ற 20 பரீட்சார்த்தக் கேள்விகள். அவை எவை என்று உங்களுக்குத் தெரியாது. சித்தியடையத் தேவையான சரியான விடைகள் வினாத்தாளின் கடினத்தைப் பொறுத்து ஏறக்குறைய 90 முதல் 107 வரை மாறும். தவறியவரின் தாளில் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை சரி என்ற கணக்கு இருக்கும். ஒரு பகுதி மட்டும் பள்ளமாக விழுந்திருந்தால் அது அறிவுக் குறை. நான்கு பகுதிகளும் ஒரே அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் கேள்வியை வாசிக்கும் விதத்தில்தான் கோளாறு. முன்னவருக்குப் புத்தகம் உதவும். பின்னவர் அதே புத்தகத்தை மூன்று தடவை படித்தாலும் அதே புள்ளியில்தான் நிற்பார்.

புத்தகம் எங்கே கைகொடுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். இலங்கை வைத்தியசாலைகளில் பணி பழகியவருக்கு ஐ.சி.டி. 10 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு) அளவீடுகள் மனதில் பதிந்திருக்கும். அதன்படி ஸ்கிட்சோஃப்ரீனியாவுக்கு (மனச்சிதைவு நோய்) அறிகுறிகள் ஒரு மாதம் இருந்தால் போதும். பரீட்சை பின்பற்றுவது அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம். 5. அதில் ஒரு மாதத்துக்குக் குறைந்தால் குறுகியகால உளப்பிறழ்வு, ஒன்று முதல் ஆறு மாதம் வரை ஸ்கிட்சோஃப்ரீனிஃபோர்ம், ஆறு மாதம் கடந்தால்தான் ஸ்கிட்சோஃப்ரீனியா. அதிர்ச்சிக்குப் பிறகு 3 நாள் முதல் ஒரு மாதம் வரை அக்யூட் ஸ்ட்ரெஸ் டிசோர்டர் (உடனடி அதிர்ச்சிக் கோளாறு), அதற்கு மேல்தான் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்திய மனஅழுத்தக் கோளாறு). மேலே சொன்ன வடிவில், கிளினிக்கல் நிலையில் மதிப்பீடும் நோயறிதலும் அடங்கிய பகுதிக்கே 30 வீதம் என்பதால், இந்தக் கால எல்லைகளை ஒரே தாளில் எழுதி மனப்பாடம் செய்வது வீண் வேலை இல்லை.

வட்ஸ்அப்பில் கைமாறும் பீ.டி.எஃப். புத்தகங்களில் மட்டும் கவனம். 'அக்ஸிஸ் ஃபைவ்', 'ஜி.ஏ.எஃப். புள்ளி' என்று டி.எஸ்.எம். 5 கைவிட்ட பழைய மதிப்பீட்டு முறைகளை எங்காவது கண்டால் அது 2013க்கு முந்தியது, அப்படியே ஒதுக்கிவிடுங்கள். 2026 ஆகஸ்டில் பரீட்சை புதிய உள்ளடக்க வரைவுக்கு (எந்தப் பகுதியில் எவ்வளவு கேட்கப்படும் என்ற திட்டம்) மாறுவதாக அறிவித்திருக்கிறார்கள். அதற்குப் பின் எழுதுகிறவர் நூல் வாங்குமுன் எந்த வரைவுக்கானது என்று பார்க்க வேண்டும்.

இனி வினா வங்கி, அதாவது பயிற்சிக் கேள்விகளின் தொகுப்பு. நாங்கள் அதிகம் நம்புவது இதைத்தான். இலங்கையில் சமூகப்பணிக்கு இப்படியொரு அனுமதிப் பரீட்சை கிடையாது. நாம் பெரும்பாலும் கட்டுரை விடை எழுதியே பட்டம் பெற்றவர்கள். நான்கு விடைகளும் நல்லவையாகத் தெரியும் கேள்வி நமக்குப் புதிது. இப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 15 வயது மாணவி, மாமா பெல்டால் அடிப்பதாகச் சொல்லிக் கையில் உள்ள கன்றலைக் காட்டுகிறாள், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். சமூகப் பணியாளர் முதலில் செய்ய வேண்டியது என்ன? இரகசியம் காப்பதாக வாக்களிப்பதா, அம்மாவை அழைப்பதா, ஆசிரியர்களிடம் விசாரிப்பதா, சிறுவர் பாதுகாப்பு அமைப்புக்கு அறிவிப்பதா? நம் ஊர்ப் பழக்கத்தில் கை அம்மா பக்கம் போகும். பரீட்சையின் விடை அறிவிப்பதுதான். நியாயமான சந்தேகமே போதும், விசாரணை அந்த அமைப்பின் வேலை, முன்கூட்டி வீட்டுக்குத் தெரிந்தால் பிள்ளைக்கு ஆபத்து. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இல்லாத இடத்தில் பெரும்பாலும் மதிப்பீடு முன்னே வரும், தலையீடு பின்னே வரும். அந்த வரிசை நூறு கேள்விகளில் அடிபட்டுத்தான் கைக்கு வரும்.

ஒரு தடவைக்கு 25 கேள்வி, 35 நிமிடம். இது 170 கேள்வி வடிவின் வேகம், கேள்விக்கு ஏறத்தாழ 85 செக்கன். பிறகு திருத்துவதற்கு ஒரு மணித்தியாலம். சரியாக விழுந்த விடைக்கும் காரணம் சொல்லிப் பாருங்கள். பிழைகளுக்கு ஒரு கொப்பி வைத்து மூன்று காரணங்களில் ஒன்றைக் குறியுங்கள்: விஷயம் தெரியவில்லை, கேள்வியைப் பிழையாக வாசித்தேன், ஊர் வழக்கப்படி விடை சொன்னேன். எந்த நிரல் நீளுகிறதோ அங்கேதான் அடுத்த வாரம். ஒரே வங்கியை இரண்டாம் முறை செய்து 90 வீதம் எடுத்தால் மகிழ வேண்டாம், அது ஞாபகம். ஏ.எஸ்.டபிள்யூ.பி. விற்கும் மாதிரிப் பரீட்சையில் முன்பு உண்மையில் பயன்பட்ட கேள்விகள் இருப்பதால், அதைக் கடைசி மூன்று வாரத்துக்கு என்று எடுத்து வையுங்கள். பரீட்சைக்குப் பதிவு செய்த பிறகே அதை வாங்கலாம். ஒரே இருப்பில் செய்யுங்கள். வீட்டில் சத்தம் என்றால் கொழும்பு பொது நூலகத்தில் ஒரு காலைப்பொழுது.

ஆசிரியரோ குழுவோ என்றால், ஒரே ஒரு அளவுகோல்: உங்கள் விடைக்கான காரணத்தை நீங்கள் வாய்விட்டுச் சொல்லக் கேட்கிறார்களா? ஸூமில் இரண்டு மணித்தியாலம் சிலைட் ஓட்டும் வகுப்பு, காசு கொடுத்து வாங்கிய புத்தகம்தான். வெள்ளவத்தையில் சனிக்கிழமை கூடும் மூன்று பேர் அதைவிட மேல். விவாதம் தமிழில் நடக்கட்டும், கேள்வியை ஆங்கிலத்தில் உரக்க வாசிக்கட்டும். ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தால் அரட்டை ஆகிவிடும்.

பரீட்சையையே சுற்றிப் போகும் பாதையும் உண்டு. கனடாவின் ஒன்ராறியோவில் பதிவுக்கு இந்தப் பரீட்சையைக் கேட்காமல் இருந்தார்கள்; இப்போதும் அப்படியா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இலினோய் மாநிலம் 2022 ஜனவரி முதல் எல்.எஸ்.டபிள்யூ. (அனுமதிப்பத்திரம் பெற்ற சமூகப் பணியாளர்) நிலைக்கு அதை நீக்கிவிட்டது. ஆனால் பட்ட மதிப்பீடு, விசா, குடும்பம் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஏற்கனவே அங்கே போகும் திட்டம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

எந்த வழியில் படித்தாலும், ஆங்கிலம் இரண்டாம் மொழியான விண்ணப்பதாரருக்கு மேலதிக நேரம் தரும் ஏற்பாடு உங்கள் மாநிலத்தில் உண்டா என்று சபையிடம் கேளுங்கள். நேரம் போதாமல் கடைசி 30 கேள்விகளை ஊகித்தவருக்கு அது எந்த நூலையும்விடப் பெரிய உதவி. அனுமதி சபையிடமிருந்து வர வேண்டியிருப்பதால், திகதி எடுத்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். மீள்பதிவுக்கு முன்பே, காத்திருக்கும் முதல் வாரத்திலேயே எழுதிப் போடுங்கள்.