பேட்டரி மாற்றுவதா, புது போன் வாங்குவதா?

நான்கு வருடம் உழைத்த போன். பேட்டரி உப்பி, பின்மூடியை நெம்பிக்கொண்டு நின்றது. "புதுசு எடுத்திடுங்க சார்" என்றார் கடைக்காரர்.

புது போன் வேகமாக இருக்கும், கேமராவும் நன்றாக இருக்கும், சரி. ஆனால் ஒரு போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே சுரங்கத்திலும் ஆலையிலும் வெளியாகிவிடுகிறது. அப்புறம், பழசு எங்கே போகும்? 2022இல் உலகம் கழித்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மிச்சத்தில் ஒரு பங்கு, வயரை வெட்டவெளியில் எரித்துச் செம்பு எடுப்பவர்களிடம் போகிறது. அந்தப் புகையைப் பக்கத்துக் குடிசைப் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள்.

பேட்டரி மாற்ற அரை மணி நேரம்தான் ஆனது. மூடியைச் சூடுகாட்டிப் பசையை இளக்கி, பழையதை மெல்லப் பெயர்த்து எடுத்தார்கள். இதிலும் ஒரு குறை உண்டு: பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனை வங்கி வேலைக்கு நம்ப முடியாது. அப்போது புதுசு வாங்கலாம். அதுவரை என் ஓட்டு பேட்டரிக்கே.

உப்பிய பேட்டரியை மட்டும் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். அனுமதி பெற்ற மறுசுழற்சி மையத்தில் கொடுத்துவிடுங்கள்.