பாஸ்டனுக்கு எந்த சீசன்ல போறது? அக்டோபரா, ஜூனா, இல்ல பனியிலயா

பாஸ்டன் எப்ப போகலாம்னு யார்கிட்ட கேட்டாலும் யோசிக்காம அக்டோபர்னு சொல்லிடுவாங்க, இலை கலர் மாறும், வெயிலும் இருக்காது குளிரும் இருக்காது, டக்குனு புக் பண்ணுங்கன்னு முடிச்சிடுவாங்க. தப்புன்னு சொல்லல. ஆனா அக்டோபர்ல எந்த வாரம்னு யாரும் வாய் திறக்க மாட்டாங்க, விஷயமே அங்கதான் இருக்கு. என்னைக் கேட்டா இந்த ஊருக்கு ஒரே கணக்கு: கேலண்டர்ல ஒரு சீசன் ஆரம்பிக்குதுன்னா கொறஞ்சது ஒரு மாசமாவது கழிச்சு போங்க. எல்லாம் கடல் பண்ற வேலை. குளிர்காலம் பூரா ஜில்லுனு ஆன அட்லாண்டிக் தண்ணி லேசா சூடேறவே ஜூன் ஆயிடும், அதே மாதிரி கோடையில வாங்கின சூட்டை அக்டோபர் வரைக்கும் சுலபத்துல விடாது, அதனால கரையோரம் இருக்குற இந்த ஊர்ல வசந்தமும் லேட்டு, இலை உதிர்றதும் லேட்டு.

சீசனைப் பத்தி இவ்வளவு யோசிக்கணுமான்னா, யோசிக்கணும், ஏன்னா இது நடந்து பாக்குற ஊர். ஃப்ரீடம் ட்ரெயில்னு தரையில சிவப்பு செங்கல் கோடு போட்டிருப்பாங்க, சுமார் 4 கிலோமீட்டர், 16 இடம். 1634-ல இருந்து இருக்குற பாஸ்டன் காமன் பார்க்ல ஆரம்பிச்சு, சாமுவேல் ஆடம்ஸ், பால் ரெவியர்னு சுதந்திரப் போராட்டக்காரங்களைப் புதைச்ச கிரானரி கல்லறைத் தோட்டம், 1770-ல பிரிட்டிஷ் சிப்பாய்ங்க ஜனங்க மேல சுட்ட ஓல்ட் ஸ்டேட் ஹவுஸ் வாசல், 1723-ல கட்டின ஓல்ட் நார்த் சர்ச்னு போயி, பாலம் தாண்டி சார்ல்ஸ்டவுன்ல 1797-ல தண்ணியில இறக்கின யுஎஸ்எஸ் கான்ஸ்டிட்யூஷன் போர்க்கப்பல், கடைசியா பங்கர் ஹில் தூண். அந்தத் தூணுக்கு 294 படி, லிஃப்ட் கிடையாது. (1775-ல பிரிட்டிஷ் படையோட நடந்த பங்கர் ஹில் போர் பெரும்பாலும் நடந்தது பக்கத்துல இருக்குற ப்ரீட்ஸ் ஹில்லுல, தூணும் அங்கதான் நிக்குது, பேரு மட்டும் பங்கர் ஹில்லுக்குப் போயிடுச்சு.) வாடகைக்கு கார் எடுத்தீங்கன்னா ஒன்வேயிலயும் பார்க்கிங் தேடுறதுலயும் பாதி நாள் போயிடும். ஏர்போர்ட்ல இருந்து சில்வர் லைன் பஸ் ஃப்ரீ, ஊருக்குள்ள டி-னு சொல்ற ரயில் இருக்கு, மிச்சம் எல்லாம் கால்தான். அப்ப வானிலை சரியில்லன்னா டூரே சரியில்ல.

முதல்ல தோத்துப்போறவரைச் சொல்லிடறேன், வசந்தம். மார்ச் 20 தாண்டிடுச்சு, வசந்தம் வந்தாச்சுன்னு நம்பி வராதீங்க. 1997-ல ஏப்ரல் 1-ஆம் தேதி இந்த ஊர்ல ரெண்டடிக்கு மேல பனி கொட்டியிருந்தது, முட்டாள்கள் தினத்துக்குன்னே பண்ணின மாதிரி. அது அபூர்வம்தான், ஆனா ஏப்ரல்ல பகல் வெப்பம் சராசரியா 13 டிகிரி, அதுலயும் கிழக்கே கடல் பக்கமிருந்து காத்து திரும்பிச்சுன்னா காலையில ஸ்வெட்டரைக் கழட்டினவன் மத்தியானம் ஜாக்கெட் தேடுவான். பத்து மைல் உள்ள தள்ளி நல்ல வெயில் அடிச்சிட்டிருக்கும், துறைமுகத்துல நிக்கிறவனுக்கு பல்லு கிட்டும்.

ஆனா ஏப்ரலுக்கு ஒரு துருப்புச் சீட்டு உண்டு, அது பேட்ரியட்ஸ் டே, மூணாவது திங்கக்கிழமை. 1775 ஏப்ரல் 19 விடியக்காலை பக்கத்து ஊரான லெக்சிங்டன்ல நடந்த, அமெரிக்கச் சுதந்திரப் போரோட முதல் துப்பாக்கிச் சூட்டை அதே புல்வெளியில, அதே இருட்டு நேரத்துல நடிச்சுக் காட்டுவாங்க. அஞ்சரை மணி வாக்குல ஆரம்பம், ஜனங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே ஏணி, ஸ்டூல் எல்லாம் தூக்கிட்டு வந்து இடம் பிடிச்சிடுவாங்க, நம்ம ஊர் தேர்த்திருவிழா கூட்டம்தான். அன்னைக்கே 1897-ல இருந்து நடக்குற பாஸ்டன் மாரத்தானும். சரித்திரப் பைத்தியமா இருந்தா இந்த ஒரு நாளுக்காகவே வரலாம், குளிரையும் ஹோட்டல் வாடகையையும் மன்னிச்சிடலாம். மத்தவங்களுக்கு வேணாம். மே மாசம் கொஞ்சம் தேவலாம், ஆர்னால்ட் ஆர்போரிட்டம்ங்குற மரத் தோட்டத்துல லைலாக் பூத்துக் குலுங்கும், ஆனா மே நடுவுல இருந்து கடைசி வரைக்கும் காலேஜ் பட்டமளிப்பு விழா வரிசை கட்டும். இந்த ஊர்லயும் சுத்துப்பட்டுலயும் எத்தனை காலேஜ்னு நினைச்சுப் பாருங்க, அத்தனை பிள்ளைங்களோட அப்பா அம்மா தாத்தா பாட்டி எல்லாருக்கும் ரூம் வேணும்.

அதனாலதான் ஜூன். பட்டமளிப்பு முடிஞ்சு மாணவர் கூட்டம் ஊரைக் காலி பண்ணியிருக்கும், கடல் காத்துல அந்தக் கடி இருக்காது, பகல்ல 24 டிகிரி பக்கம். நிஜமான வசந்தம் இங்க இப்பதான் வருது. எல்லாத்துக்கும் மேல வெளிச்சம், ஜூன் கடைசியில சூரியன் மறைய ராத்திரி 8:25 ஆகும், சாயங்காலம் நிதானமா நடந்து இத்தாலியன் பகுதியான நார்த் எண்ட் போயி ஒரு கனோலி (க்ரீம் வெச்ச இத்தாலியன் இனிப்பு) வாங்கி சாப்பிட்டுட்டு துறைமுகத்துப் பக்கம் போனாலும் இன்னும் பகலா இருக்கும். பப்ளிக் கார்டன் குளத்துல 1877-ல இருந்து ஓடுற ஸ்வான் போட் ஓடும் (கால்ல மிதிச்சு ஓட்டுறாங்க, மோட்டார் இல்ல), ஜார்ஜஸ் தீவுல இருக்குற ஃபோர்ட் வாரன் கோட்டைக்கு ஃபெரி போகும், திமிங்கலம் பாக்க கடலுக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க. அந்தப் படகுல போறப்ப மட்டும் ஜூன்னு பாக்காம ஜாக்கெட் எடுத்துக்கோங்க. ஊர்ல இருந்து வந்திருக்குற அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு வேற மாசமே யோசிக்க வேணாம், ஜூன் 10-க்கு மேல போயிட்டு மாசக் கடைசிக்குள்ள திரும்பிடுங்க.

ஜூலை ஆகஸ்ட் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. 28 டிகிரின்னு கேட்டா சென்னைக்காரங்க சிரிப்பாங்க, ஆனா ஈரப்பதம் சேர்ந்தா நடக்குறது கஷ்டம்தான், 1897-ல திறந்த அமெரிக்காவோட முதல் சுரங்க ரயில் பாதை இங்கதான் இருக்கு, அதோட பழைய ஸ்டேஷன்கள்ல கோடையில நிக்கிறது தனி அனுபவம். ஜூலை 4 அன்னைக்கு ஓல்ட் ஸ்டேட் ஹவுஸ் பால்கனியில சுதந்திரப் பிரகடனத்தை வாசிப்பாங்க, ராத்திரி சார்ல்ஸ் ஆத்தங்கரையில பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவோட கச்சேரியும் வாணவேடிக்கையும், கூட்டம் பிடிக்கும்னா போங்க. பள்ளிக்கூட லீவை நம்பி இருக்குற குடும்பங்களுக்கு வேற வழியில்ல, அவங்களுக்கு ஆகஸ்ட் நடுவுல நார்த் எண்ட் இத்தாலியன் தெருக்கள்ல நடக்குற திருவிழா வாரக்கடைசி ஒரு ஆறுதல். சாமி சிலையைத் தோள்ல தூக்கிட்டு வருவாங்க, ஜனங்க அதுல பணத்தைக் குத்துவாங்க, நம்ம ஆளுங்களுக்கு அந்நியமா தோணவே தோணாது.

இப்ப இலையுதிர் காலம். செப்டம்பர் 1-ஆம் தேதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீங்க, ஊர்ல பாதி வாடகை ஒப்பந்தம் அன்னைக்குத்தான் மாறும், தெரு பூரா வேன், நடைபாதை பூரா மெத்தையும் சோபாவும், ஸ்டாரோ டிரைவ்ங்குற ரோட்டுல தாழ்வான பாலத்துக்கு அடியில வருஷா வருஷம் ஏதாவது ஒரு லாரி போய் மாட்டி மேல்கூரை கிழிஞ்சு நிக்கும். அது ஓஞ்சதும் செப்டம்பர் நடுவுல இருந்து ரொம்ப நல்ல நாட்கள், 23 டிகிரி, வானம் துடைச்சு வெச்ச மாதிரி. ஆனா இலை பச்சையாத்தான் இருக்கும்.

இங்கதான் ஜனங்க ஏமாறுறாங்க. நிறம் வடக்கே மலையில ஆரம்பிச்சு மெதுவா தெக்கே, கடலோரத்துக்கு இறங்கி வரும். நியூ ஹாம்ப்ஷயர்ல ஒயிட் மவுண்டன்ஸ், அந்த கான்கமாகஸ் ரோடு எல்லாம் செப்டம்பர் கடைசியில இருந்து அக்டோபர் முதல் பாதிக்குள்ள உச்சம் தொட்டு முடிஞ்சிடும். பாஸ்டன் ஊருக்குள்ள அக்டோபர் பின்பாதி, சில மரம் நவம்பர் ஆரம்பம் வரைக்கும். இது தெரியாம அக்டோபர் ரெண்டாவது திங்கக்கிழமை வர்ற லாங் வீக்கெண்டுக்கு எல்லாரும் ரூம் போடுறாங்க, அன்னைக்குப் பார்த்தா மலைக்குப் போற ரோடு நகராது, ஊருக்குள்ள மரம் பாதிதான் மாறியிருக்கும், ஹோட்டல் வாடகை மட்டும் உச்சத்துல இருக்கும். ரெண்டையும் ஒரே ட்ரிப்ல முழுசா பாக்கணும்னு ஆசைப்பட்டா ரெண்டும் அரைகுறைதான், எது வேணும்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க. சரித்திரத்துக்காக வர்றவங்கன்னா மலையை விட்டுடுங்க.

அப்புறம் அந்த மாச மூணாவது வாரக்கடைசி சார்ல்ஸ் ஆத்துல ஹெட் ஆஃப் தி சார்ல்ஸ்னு பெரிய படகுப்போட்டி, 1965-ல இருந்து நடக்குது, அப்பவும் ரூம் கிடைக்காது. அது முடிஞ்ச திங்கக்கிழமையில இருந்து நவம்பர் முதல் ஞாயிறுக்கு முன்னாடி வரைக்கும் உள்ள ரெண்டு வாரம் இருக்கு பாருங்க, அதுதான் நான் சொல்ற இலையுதிர் காலம். பப்ளிக் கார்டனும் காமன்வெல்த் அவென்யூவும் மஞ்சளும் சிவப்புமா இருக்கும், பகல்ல 15 டிகிரி ஒட்டி இருக்கும், நாலு கிலோமீட்டர் நடந்தாலும் வேர்க்காது. சேலம் மட்டும் அந்த நேரத்துல வேணாம். நம்ம சேலம் இல்ல, 1692-ல சூனியக்காரின்னு பழி போட்டு 19 பேரைத் தூக்குல போட்ட மாசசூசெட்ஸ் சேலம். ஹாலோவீன் வரைக்கும் அக்டோபர் பூரா அந்தச் சின்ன ஊர்ல கால் வைக்க இடமிருக்காது. நவம்பர் 1-க்கு மேல நார்த் ஸ்டேஷன்ல இருந்து ரயில் பிடிச்சா அரை மணி நேரம், நிம்மதியா பாக்கலாம்.

நவம்பர் முதல் ஞாயிறுன்னு ஏன் கோடு போடுறேன்னா அன்னைக்குத்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க, மறுநாள்ல இருந்து நாலரை மணிக்கெல்லாம் இருட்டு. இந்த நேர மண்டலத்தோட கிழக்கு ஓரத்துல ஊர் இருக்குறதால இந்தக் கொடுமை. டிசம்பர்ல சாயங்காலம் 4:12-க்கே சூரியன் மறைஞ்சிடும்.

குளிர்காலத்தை எல்லாரும் ஒரே வரியில தள்ளிடுவாங்க, எனக்கு மனசு வரல, ஏன்னா இந்த ஊர்ச் சரித்திரத்துல பாதி பனியில நடந்தது. 1770 மார்ச்ல ஓல்ட் ஸ்டேட் ஹவுஸ் வாசல்ல நடந்த அந்தத் துப்பாக்கிச் சூடே சிப்பாய் மேல பனிக்கட்டி எறிஞ்சதுல முத்தின தகராறுதான். 1773 டிசம்பர் 16 ராத்திரிதான் பிரிட்டிஷ் வரியை எதிர்த்து 342 பெட்டி தேயிலையைத் துறைமுகத்துல கொட்டினாங்க, அது கிழக்கிந்தியக் கம்பெனி சரக்கு, ஆமா, நம்ம சென்னப்பட்டணத்துக் கோட்டையில உக்காந்திருந்த அதே கம்பெனிதான். அமெரிக்கப் படை அதிகாரி ஹென்றி நாக்ஸ் டிகொண்டரோகா கோட்டையில இருந்து பீரங்கிகளை மாட்டை வெச்சு பனிச்சறுக்கு வண்டியில இழுத்துட்டு வந்தது 1775-76 குளிர்காலத்துல, பனி விழலன்னா அந்த வண்டி நகர்ந்திருக்காது, அந்த பீரங்கிகளை டார்செஸ்டர் ஹைட்ஸ்ங்குற குன்று மேல ஏத்தினதைப் பாத்துதான் 1776 மார்ச் 17 பிரிட்டிஷ் படை ஊரை விட்டுக் கிளம்புச்சு.

நமக்கும் இந்தக் குளிரோட ஒரு பழைய கணக்கு உண்டு. ஃப்ரெடரிக் டியூடர்ங்குற பாஸ்டன் வியாபாரி இங்க ஏரிகள்ல உறையுற ஐஸை வெட்டி, மரத்தூள் போட்டு மூடி, கப்பல்ல மெட்ராசுக்கு அனுப்பி விப்பாரு. அதை வெக்கக் கட்டினதுதான் மெரினாவுல இருக்குற ஐஸ் ஹவுஸ், பின்னாடி 1897-ல விவேகானந்தர் வந்து தங்கினதால இன்னைக்கு விவேகானந்தர் இல்லம்.

குளிர்ல போகணும்னா என் கணக்கு தலைகீழ், சீக்கிரம் போங்க, டிசம்பர் முதல் மூணு வாரம். பெரிய பனி பெரும்பாலும் ஜனவரி கடைசி, பிப்ரவரியிலதான். டிசம்பர் 16 அன்னைக்கு தேயிலை கொட்டுறதை நடிச்சுக் காட்டுவாங்க, காமன்ல கனடாவோட நோவா ஸ்கோஷியாக்காரங்க அனுப்புற கிறிஸ்துமஸ் மரம் நிக்கும் (1917 ஹாலிஃபாக்ஸ் வெடிவிபத்துக்கு பாஸ்டன் ஓடிப்போய் உதவினதுக்கு நன்றி), அங்கயே ஃப்ராக் பாண்ட் குளத்துல ஸ்கேட்டிங். ஜனவரி பிப்ரவரியில ரூம் வாடகை சல்லிசு, அது உண்மை. ஆனா 2014-15 குளிர்காலத்துல மொத்தம் 110.6 அங்குலம், ஒம்போது அடிக்கு மேல பனி விழுந்து ரயிலே ஓடாம நின்ன ஊர் இது. பனியை வாரி பார்க்கிங் இடம் பிடிச்சவங்க அதுல நாற்காலியோ கோனோ வெச்சிடுவாங்க, தெரியாத்தனமா அதை நகர்த்தி உங்க வண்டியை விட்டுடாதீங்க, அப்புறம் டயருக்கு நான் பொறுப்பில்ல. திடீர்னு வெப்பம் ஏறினாலும் வம்புதான், 1919 ஜனவரி 15 அன்னைக்கு கடுங்குளிர் போயி வெதுவெதுன்னு ஆன நாள்ல நார்த் எண்ட்ல ஒழுங்கா கட்டாத ஒரு தொட்டி வெடிச்சு சுமார் 87 லட்சம் லிட்டர் கரும்புப் பாகு தெருவுல பாஞ்சு 21 பேர் செத்தாங்க, கதையில்ல, நிஜம்.

பிப்ரவரியில மாட்டிக்கிட்டவங்க செங்கல் கோட்டை மறந்துட்டு இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் மியூசியத்துக்குள்ள போயிடுங்க. நடுமுற்றத்துல செடியும் பூவுமா இருக்கும், 1990-ல போலீஸ் வேஷத்துல வந்த ரெண்டு பேர் 13 கலைப்பொருளை அடிச்சிட்டுப் போனதுக்கு அப்புறம் காலி ஃப்ரேம்களை அப்படியே மாட்டி வெச்சிருக்காங்க.

கடைசியில போட்டி ஜூனுக்கும் அந்த அக்டோபர் கடைசி ரெண்டு வாரத்துக்கும்தான். குழந்தை, வயசானவங்க, படகு, தீவு இதெல்லாம் இருந்தா ஜூன், இருட்டப்போகுதுன்னு அவசரப்படாம நடக்கலாம். ரெண்டு பேர் மட்டும், இல்ல தனியா, கையில கேமரா, காலுக்கு நல்ல ஷூ இருந்தா அக்டோபர் கடைசி. ஜூன்ல மழை ரெண்டு மூணு நாள் சேர்ந்தாப்ல பிடிச்சுக்கும், அக்டோபர்ல நார்ஈஸ்டர்னு ஒரு புயல் வந்தா ஒரே ராத்திரியில இலை எல்லாம் தரையில கிடக்கும், ரெண்டுக்கும் அந்த ரிஸ்க் உண்டு. நான் ஒண்ணைத்தான் எடுக்கணும்னா அக்டோபர் கடைசியில செவ்வாய்ல இருந்து வெள்ளி வரைக்கும், ரூம் ஊருக்கு நடுவுல போடாம பக்கத்து ஊரான குவின்சியில, டி ரயிலோட ரெட் லைன் ஸ்டேஷன் பக்கத்துல. அங்கயும் ஒரு காரணம் இருக்கு, ஜான் ஆடம்ஸ், அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ்னு ரெண்டு ஜனாதிபதிகள் பொறந்த வீடும் அந்த ஊர்லதான், அதெல்லாம் குளிர் வந்தா பூட்டிடுவாங்க, அதனால வீட்டுக்குள்ள போய் பாக்கணும்னா முன்கூட்டியே தேதியைப் பாத்துக்கோங்க.