ஒலி வேதாகமச் செயலி: கலாத்தியரைக் காதால் கேட்டபோது

செயலியில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ் வேதாகமம் முழுவதும், ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை, குரல்பதிவாக இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்புதான், சிறுவயதில் மனப்பாடம் செய்த அதே வார்த்தைகள். இரண்டு வடிவங்களில் கேட்கலாம். ஒன்று, பல குரல்களும் பின்னணி இசையும் சேர்ந்த நாடக வடிவம். இன்னொன்று, ஒரே ஒருவர் நிதானமாக வாசிப்பது. பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பணம் கேட்பதில்லை, நடுவில் விளம்பரமும் வருவதில்லை.

இந்த வசதிகளுக்காக மட்டும் என்றால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இரட்சிப்பின் சந்தோஷம் எனக்குத் திரும்பக் கிடைத்தது இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான். அதனால் எழுதுகிறேன்.

நான் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறவள். வேதம் வாசிப்பதும் ஜெபிப்பதும் எனக்குப் புதிதல்ல. வருடத்துக்கு ஒருமுறை முழு வேதாகமத்தையும் முடிக்கும் அட்டவணை என் வேதாகமத்துக்குள்ளேயே மடித்து வைத்திருக்கும். வாசித்த பகுதிக்கு நேரே ஒரு குறி போடுவேன். உபவாசம் உண்டு, ஊழியம் உண்டு, காணிக்கை உண்டு. பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற நிச்சயம் முதன்முதலாகக் கிடைத்த நாட்களில் பாட்டு தானாக வாயில் வரும். காரணமே இல்லாமல் கண் கலங்கும். பிறகு எப்போது என்று சொல்ல முடியாதபடி அது நின்றுபோனது. கடமைகள் ஒன்றும் குறையவில்லை. ஜெபத்தில் உட்கார்ந்தால் அன்றைக்குச் செய்ததும் செய்யாததும்தான் மனதில் ஓடும். விசுவாசத்தை விடவில்லை, ஆனால் அதில் மகிழ்ச்சி இல்லை. இப்படி இருக்கிறவர்கள் சபையில் நிறையப் பேர் என்று நினைக்கிறேன். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கண்ணுக்கு ஒரு சிகிச்சை நடந்தபோது, கொஞ்ச காலம் எதையும் வாசிக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். அப்போதுதான் இந்தச் செயலி. அட்டவணையில் குறி போட வழியில்லை, அடிக்கோடு போட வழியில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பாடத்துக்குக் குறிப்பு எடுக்கவும் வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பது ஒன்றுதான் பாக்கி. சின்ன நிருபமாக இருக்கட்டும் என்று கலாத்தியரைத் தொட்டேன், ஒற்றைக்குரல் வடிவத்தில். அப்போஸ்தலனாகிய பவுல் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதிய கடிதம் அது.

ஆறே அதிகாரங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மற்ற பல நிருபங்களில் பவுல் வாழ்த்துச் சொன்ன கையோடு, உங்களுக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன் என்று தொடங்குவார். இதில் அந்த ஸ்தோத்திரம் இல்லை. கிறிஸ்துவின் கிருபையினாலே அழைத்தவரை இவ்வளவு சீக்கிரம் விட்டுவிட்டு வேறொரு சுவிசேஷத்துக்குத் திரும்புகிறீர்களே என்று நேரடியாக ஆரம்பிக்கிறார். கண்ணால் வாசிக்கும்போது இது எனக்கு உறைத்ததே இல்லை. காதில் விழும்போது, கவலையோடு ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வருவது போலத் தெரிந்தது.

வாசிப்பவர் மூன்றாம் அதிகாரத்தில் குரலை உயர்த்துவதில்லை. "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" என்பதைக் கண்டிக்கிற தொனியில் அல்ல, உண்மையிலேயே பதிலுக்குக் காத்திருக்கிறவர் போலக் கேட்கிறார். அது எனக்கு மிகவும் பிடித்தது. நான்காம் அதிகாரத்தில் வருகிறது அந்தக் கேள்வி: "அந்நாட்களில் நீங்கள் கொண்டிருந்த ஆனந்தபாக்கியம் எங்கே?" இந்த வசனத்தை நான் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். பக்கத்தில் குறியும் இருக்கிறது. அன்றைக்கு அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அழுதேன்.

கலாத்தியருடைய சந்தோஷம் ஏன் போயிற்று என்பதற்குப் பவுல் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். அவர்கள் பக்தியை விட்டுவிடவில்லை, இன்னும் கூட்டிக்கொண்டார்கள். நாட்களையும் மாதங்களையும் காலங்களையும் வருஷங்களையும் பார்த்து அனுசரித்தார்கள். கிறிஸ்து சிலுவையில் செய்து முடித்ததோடு தங்கள் பங்குக்கும் எதையோ சேர்க்கப் பார்த்தார்கள். சேர்க்கச் சேர்க்க, அது போதுமா என்ற கேள்வியும் கூடவே வரும். அந்தக் கேள்வி இருக்கிற இடத்தில் ஆனந்தம் எப்படித் தங்கும்? அன்று எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லப்படவில்லை. கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். அதே செய்தி, நான் எதுவும் செய்ய முடியாமல் படுத்திருந்தபோது, எனக்கென்று சொல்லப்பட்டது போல வந்து சேர்ந்தது.

காதால் கேட்பதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். வேதாகமத்தின் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார் போட்டவை. தேடி எடுக்க அவை ரொம்ப உதவி, மறுக்கவில்லை. ஆனால் எண் போட்ட வசனத்தைத் தனியாக எடுத்து அட்டையில் எழுதி மாட்டிவிடுகிறோம், முன்னும் பின்னும் போய்விடுகிறது. பவுலின் நிருபங்கள் சபையில் உரக்க வாசிக்கப்படுவதற்காகவே எழுதப்பட்டவை. கொலோசெயருக்கு எழுதும்போது அதை அவரே சொல்கிறார். விசுவாசம் கேள்வியினாலே, அதாவது காதால் கேட்பதினாலே, வரும் என்று ரோமருக்கு எழுதியவரும் அவர்தான்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வாழ்க்கையிலும் இதுதான் நடந்தது. ஆக்ஸ்போர்டில் உபவாசம், சிறைச்சாலை ஊழியம் எல்லாம் செய்தவர், குருப்பட்டம் பெற்றவர், அமெரிக்காவில் ஜார்ஜியா வரை மிஷனரியாகப் போய்வந்தவர். இத்தனைக்குப் பிறகும் நிச்சயம் இல்லை. 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறிய கூட்டத்துக்கு மனமில்லாமல் போகிறார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருக்கிறார். மணி ஒன்பதாகக் கால் மணி இருக்கும்போது தன் இருதயம் வினோதமாக அனல்கொண்டதாகவும், இரட்சிப்புக்குக் கிறிஸ்துவை மட்டுமே நம்புகிறேன் என்று உணர்ந்ததாகவும் தன் நாட்குறிப்பில் எழுதினார். அவரும் அன்று சும்மா உட்கார்ந்து கேட்டவர்தான்.

சரி, செயலிக்குத் திரும்புகிறேன். குறைகளும் உண்டு. ஒவ்வொரு அதிகாரத்துக்கும் முன்னால் வேறொரு குரல் அதிகார எண்ணை அறிவிக்கிறது. ரோமர் நிருபத்தில் இது உண்மையிலேயே கெடுதல். "நிர்ப்பந்தமான மனுஷன் நான்!" என்று ஏழாம் அதிகாரக் கடைசியில் பவுல் கதறுகிறார், யார் என்னை விடுதலையாக்குவார் என்கிறார், உடனே இயேசுகிறிஸ்து மூலமாய் ஸ்தோத்திரம் என்கிறார். அங்கிருந்து மூச்சுவிடாமல் "ஆனபடியால்" என்று எட்டாம் அதிகாரத்துக்குள் போக வேண்டும், கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்ற இடத்துக்கு. நடுவில் எண்ணை அறிவிக்கும் குரல் வந்து அதை வெட்டிவிடுகிறது.

நாடக வடிவம் எல்லா இடத்துக்கும் ஒத்துவரவில்லை. 51ஆம் சங்கீதத்தில் இசை அதிகம். "உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து" என்று தாவீது கேட்கும் இடத்தில் வார்த்தையை விட வயலின் முன்னால் நிற்கிறது. வீட்டை விட்டுப்போன இளைய மகன் திரும்பி வரும் கதை இருக்கிற லூக்கா 15 மட்டும் நாடக வடிவத்தில்தான் கேட்க வேண்டும். மூத்த மகன் வீட்டுக்குள் வராமல் நின்று, இத்தனை வருஷமாய் உமக்கு ஊழியஞ்செய்தேனே என்கிறபோது அந்தக் குரலில் கோபத்தை விடக் களைப்புதான் அதிகம் கேட்கிறது. அந்தக் களைப்பு எனக்குப் பழக்கம். தகப்பன் வெளியே வந்து, "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார். இளையவனுக்காக ஓடிய அதே தகப்பன் மூத்தவனுக்காகவும் வெளியே வருகிறார் என்பதை அந்தப் பதிவு அழகாகக் காட்டுகிறது.

இன்னொன்று, விடாமல் கேட்ட நாட்களின் கணக்கு. ஒரு நாள் தவறினால் கணக்கு பூஜ்யத்துக்குப் போகும், அறிவிப்பும் வரும். உற்சாகப்படுத்தத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் ஏற்கெனவே கணக்குப் பார்த்துக் களைத்தவர்களுக்கு அது ஆகாது. அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிடலாம். முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

கிருபை என்றால் கிரியையே வேண்டாமா என்று பயப்படுகிறவர்களும் தாராளமாகக் கேட்கலாம். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், அது தேவனுடைய ஈவு, கிரியைகளினால் உண்டானதல்ல என்கிற எபேசியர் இரண்டாம் அதிகாரத்தின் 8, 9 வசனங்களோடு அட்டை நின்றுவிடும். கேட்கும்போது 10ஆவதும் தானாக வந்துவிடும். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது அது. முதலில் ஈவு, அப்புறம் கிரியை. அந்த வரிசையில் கேட்டபின் ஞாயிறு பள்ளிக்குப் போவதும் எனக்குப் பாரமாக இல்லை.

கண் சரியான பிறகும் கேட்பதை விடவில்லை. ரோமர் 9 முதல் 11 வரை போன்ற பகுதிகளுக்கு அச்சிட்ட புத்தகம் கையில் வேண்டும்; வாதம் நீளமாகப் போகிறது, திரும்பிப் பார்க்காமல் முடியாது. சந்தோஷம் வற்றிப்போனவர்களுக்கு நான் சொல்வது, கலாத்தியரில் தொடங்குங்கள், ஒற்றைக்குரலில், சாதாரண வேகத்தில், ஒரே மூச்சில். செயலியைச் செய்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அதிகார அறிவிப்பு இல்லாமல் முழு நிருபத்தையும் தொடர்ந்து ஒலிக்கவிடும் வசதியை அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுங்கள்.